செவர்லே சி10 (1967–72) பிக்கப்: எந்த வயரிங் செட் வாங்குவது?

சி10-ஐப் புதுப்பிக்கிறவர்கள் பெயின்ட்டுக்கும் எஞ்சினுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, வயரிங் என்று வரும்போது கையை இறுக்கிக்கொள்கிறார்கள். ஐம்பது வருஷத்து இன்சுலேஷன் வளைத்தாலே உதிரும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உதிர்ந்தால் கேபினே தீப்பிடிக்கும். அங்கங்கே ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

கிடைப்பவை மூன்று வகை. எம் அண்ட் எச் என்ற நிறுவனம் செய்வது, வண்டியோடு வந்த கம்பெனி வயரிங்கின் நகல். அதே நிறம், அதே கனெக்டர், அதே கண்ணாடி ஃபியூஸ். அமெரிக்கன் ஆட்டோவயர் நிறுவனத்தின் ‘கிளாசிக் அப்டேட்’ இந்த வண்டிக்கென்றே வருவது. பிளேடு ஃபியூஸ், வயர் மேலேயே சர்க்யூட் பெயர் அச்சு. ஆனால் பல முனைகளை நாமே அளந்து வெட்டி டெர்மினல் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அடிக்க வேண்டும். மூன்றாவது, பெயின்லெஸ் போன்ற நிறுவனங்களின் யுனிவர்சல் கிட், எந்த வண்டிக்கும் பொதுவானது. விலை குறைவு என்று இதை எடுத்தால் சுவிட்ச், மீட்டர் கனெக்டர்களைத் தனியாகத் தேடியே அந்த மிச்சம் போய்விடும். வண்டியின் அமைப்பையே மாற்றியவர்களுக்குத்தான் அது சரி.

மற்ற இரண்டில் எது என்பதை ஆல்டர்னேட்டரும் (பேட்டரியை சார்ஜ் செய்வது) இக்னிஷனும்தான் முடிவு செய்யும். பழைய பாயின்ட் இக்னிஷனும், ஆல்டர்னேட்டருக்கு வெளியே தனி வோல்டேஜ் ரெகுலேட்டரும் அப்படியே இருந்தால் நகல் செட் போதும். பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகையான எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறியிருந்தால் நகல் செட் காலை வாரும். அதில் காயிலுக்குப் போவது, வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர். எச்.இ.ஐ.க்கு முழு 12 வோல்ட் வேண்டும்; இதில் குறைந்துதான் போய்ச் சேரும். வண்டி ஸ்டார்ட் ஆகும், வேகம் எடுக்கையில் மிஸ் அடிக்கும். கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றினாலும் அது சரியாகாது. எச்.இ.ஐ.க்கென்று 12 கேஜ் (தடிமன் அளவு) வயரைத் தனியாக இழுக்க வேண்டும்.

உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள 10எஸ்ஐ ஆல்டர்னேட்டர் என்றால் 1-ம் எண் முனையைக் கவனியுங்கள். வார்னிங் லேம்ப் இல்லாமல் முள் மீட்டர் (கேஜ்) உள்ள வண்டியில் அதை நேராக இக்னிஷனில் கொடுத்தால், சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. கரன்ட் திரும்பி வருகிறது. நடுவே டையோடு (கரன்ட்டை ஒரே திசையில் விடுவது) வைத்தால் தீரும். இப்படி மாற்றம் செய்த வண்டிக்கு ‘கிளாசிக் அப்டேட்’தான் என் தேர்வு. பழைய அம்மீட்டரை விட்டு வோல்ட்மீட்டருக்கு மாற வேண்டியிருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் வருஷம், எஞ்சின், கியர்பாக்ஸ், கேஜா வார்னிங் லேம்பா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீல்பேஸ் 115 அங்குலமா 127 அங்குலமா என்று அளந்து பாருங்கள். பின்பக்க வயர் இதனால்தான் எட்டாமல் போகிறது. பின்தொட்டியின் இரு வகைகளான ஃப்ளீட்சைடுக்கும் (பக்கம் சமமானது) ஸ்டெப்சைடுக்கும் (ஃபெண்டர் வெளியே துருத்தியது) டெயில் லேம்ப் வேறு.

டெர்மினல் அடிக்க சாதாரணக் குறடு உதவாது. இந்த டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கை இருக்கும்: முன் ஜோடி செம்பைப் பிடிக்கும், பின் ஜோடி இன்சுலேஷனைப் பிடிக்கும். முன் ஜோடி உள்பக்கமாகச் சுருண்டு ‘B’ மாதிரி மடங்க வேண்டும். குறடால் நசுக்கினால் தட்டையாகும். இழுத்தால் கழன்று கையோடு வரும். அதற்கென்ற கிரிம்பரை (டெர்மினல் மடிக்கும் குறடு) வாங்கிவிடுங்கள். எல்லா முனையும் எட்டுகிறதா என்று வண்டியில் விரித்துப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

புது வயரைப் போட்ட பிறகு வரும் புகார்களில் பல எர்த் கோளாறு. கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஃப்ரேமில் பவுடர் கோட்டிங். எஞ்சினிலிருந்து கேபினுக்கு, கேபினிலிருந்து ஃப்ரேமுக்கு, ஃப்ரேமிலிருந்து பின்தொட்டிக்கு என்று தனித்தனிப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் மங்கலாக மினுக்கினால் பின்தொட்டி எர்த்தைப் பாருங்கள். லைட் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பின்தொட்டிக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

முதல் முறை பேட்டரி கொடுக்கையில் நெகட்டிவ் கேபிளை நேரடியாக மாட்டாதீர்கள். நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை வையுங்கள். கதவை மூடி, எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் அது பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் பல்பு அணைகிறதோ, கோளாறு அந்த லைனில்.