ஒரு பிரிண்டர், இரண்டு ரவுட்டர்: வீட்டு ஷெயரிங்கும் விண்டோஸ் ஃபயர்வோலும்

"ஃபயர்வோலை ஓஃப் பண்ணிப் பாருங்கோ அண்ணை." பிரிண்டர் ஷெயரிங் வேலை செய்யுதில்லை என்று கிளிநொச்சியில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லுகிற வைத்தியம் இதுதான். ஓஃப் பண்ணினால் பெரும்பாலும் வேலையும் செய்துவிடும். அதனால்தான் இந்த வைத்தியம் இன்னும் ஊரில் செல்லுபடியாகிறது. 2020 ஊரடங்குக் காலத்திலிருந்து வீட்டில் விண்டோஸ் ஷெயரிங் (ஒரு கணினியின் போல்டரையும் பிரிண்டரையும் மற்றக் கணினிகளும் எடுத்தாள்வது) பாவிக்கிறேன், வெளியிலிருந்து கணினிக்குள் வருவதை மறிக்கும் காவலான ஃபயர்வோலை ஓஃப் பண்ணாமலே. எந்தக் கோளாறுக்கு எது காரணம் என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

வீடு ஏ9 இலிருந்து கொஞ்சம் உள்ளே, பரந்தன் பக்கம். முன் அறையில் விண்டோஸ் 10 போட்ட டெஸ்க்டொப், அதில் யூஎஸ்பியால் கொழுவிய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். மனைவி ரீச்சர். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது செயலட்டைகளை அவர் தன் லப்டொப்பில் அடிப்பார், பிரதி முன் அறையில் எடுக்க வேண்டும். பென்டிரைவில் கொண்டு திரிவது சலித்துப் போய்த்தான் ஷெயரிங் தொடங்கியது. இப்போது உயர்தரம் படிக்கும் மகளின் லப்டொப்பும் சேர்ந்துவிட்டது. இணையத்துக்கு 4ஜி ரவுட்டர் இரண்டு. ஒன்று பின்னேரங்களில் இழுக்கும், மற்றது மழைக்கு இழுக்கும். இரண்டையும் கேபிளால் இணைக்கும் வரை, எது நல்லாயிருக்கிறதோ அதில் எல்லோரும் தாவுவோம்.

இந்தத் தாவல்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினைகளில் பாதிக்கு மேல். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வேர்க்கையும் பப்ளிக் அல்லது பிரைவேட் என்று தரம் பிரித்து வைத்திருக்கும். பப்ளிக் என்றால் பஸ் நிலைய வைஃபை மாதிரி நினைத்துக்கொண்டு, போல்டருக்கும் பிரிண்டருக்குமான வழியை ஃபயர்வோல் மூடிவிடும். பிரைவேட்டில்தான் திறக்கும். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸுக்கு அது முன்பின் தெரியாத புது நெட்வேர்க். விண்டோஸ் 10 என்றால் பக்கத்தில் ஒரு நீலப் பட்டை வந்து, இந்த நெட்வேர்க்கில் உள்ள மற்றக் கணினிகள் உங்களைக் காணலாமா என்று கேட்கும். அவசரத்தில் எல்லோரும் ‘நோ’ அமத்திவிட்டுப் போவார்கள். விண்டோஸ் 11 அந்தக் கேள்வியையும் கேட்காது, தானாகவே பப்ளிக்கில் போட்டுவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய பிரிண்டர் இன்று ‘ஓஃப்லைன்’ என்று காட்டும். நேற்றுப் பின்னேரம் யாரோ ரவுட்டர் மாறியிருப்பார்கள்.

மாற்றுவது சின்ன வேலை. செட்டிங்ஸில் நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், பிறகு வைஃபை, இப்போது இணைந்திருக்கும் வைஃபையின் புரொப்பர்டீஸ், அதில் பிரைவேட். ஷெயர் கொடுக்கிற கணினியில் இது முக்கியம். வாங்குகிற லப்டொப் பப்ளிக்கில் இருந்தாலும் பெயரை நேரே அடித்தால் பெரும்பாலும் திறக்கும், நெட்வேர்க் பட்டியலில்தான் ஒன்றும் தெரியாது. முன் அறை டெஸ்க்டொப்பில் இரண்டு ரவுட்டரையும் ஒருதரம் பிரைவேட் ஆக்கி வைத்த பிறகு அந்தத் தலையிடி பெரும்பாலும் ஓய்ந்தது.

ஃபயர்வோலை முழுதாக ஓஃப் பண்ணுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. யானை வேலிக் கரண்டை நிற்பாட்டினால் வயலுக்குள் நாங்கள் லேசாகப் போய் வரலாம்தான், யானையும் வரும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வொனாக்ரை புகுந்தது இதே போல்டர் ஷெயரிங் பாவிக்கும் 445 ஆம் போர்ட்டால்தான் (போர்ட் என்பது கணினியின் எண் போட்ட கதவு). அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்திருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். அறிவியல் நகரில் அறை எடுத்துத் தங்கும் பொறியியல் பீடப் பிள்ளைகள் ஒரு ரவுட்டரைப் பல பேர் பங்கிடுவார்கள். அப்படியான இடத்தில் பப்ளிக்கை அப்படியே விடுவதுதான் சரி. வீட்டுக்கு வந்தால் பிரைவேட்.

அடுத்தது, எங்கே மறிபடுகிறது என்று கண்டுபிடிப்பது. ‘நெட்வேர்க்கில் காணவில்லை’ என்பதும் ‘திறக்குதில்லை’ என்பதும் இரண்டு வேறு நோய். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஃபயர்வோலைக் கிண்டினால் விடிய விடியக் கிண்ட வேண்டியதுதான். விண்டோஸ் விசையோடு ஆர் அமத்தி, வருகிற பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு மற்றக் கணினியின் பெயரை அடியுங்கள். திறந்தால் ஷெயரிங்கில் பிழை இல்லை. பட்டியலில் காட்டாதது கண்டுபிடிக்கும் சேவைகளின் குறை. சேர்விசஸ் பட்டியலில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி’ என்று தொடங்கும் இரண்டு இருக்கும். ஷெயர் கொடுக்கிற கணினியில் அவற்றில் ‘ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதை ஓட்டோமெட்டிக் ஆக்கினால் பெயர் தெரியத் தொடங்கும். நான் அதைக்கூடப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. டெஸ்க்டொப் போல்டரை, லப்டொப்பின் சொந்த டிரைவ் மாதிரித் தெரிய, இசட் டிரைவாக மெப் பண்ணி வைத்தால் பட்டியலைப் பார்க்கவே தேவையில்லை.

பெயர் அடித்தும் திறக்காமல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 80070035 என்று முடியும் பிழை வந்தால், பாதை கிடைக்கவில்லை என்று பொருள். ஃபயர்வோலைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. பெயருக்குப் பதில் ஐபி முகவரி (நெட்வேர்க்கில் அந்தக் கணினிக்குள்ள எண்) அடித்துப் பாருங்கள். அதில் திறந்தால் பெயர்க் குழப்பம், அதிலும் திறக்காவிட்டால் வழி மறிபட்டிருக்கிறது. விண்டோஸின் கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்கு ஐபியையும் போர்ட் 445 ஐயும் கொடுத்தால் ‘ட்ரூ’, ‘ஃபோல்ஸ்’ என்று நேரடியாகச் சொல்லும். பிங் பண்ணி, அதாவது மற்றக் கணினி பதில் சொல்லுதா என்று தட்டிப் பார்த்து, முடிவுகட்ட வேண்டாம். "பிங் போகுதில்லை அண்ணை, வைஃபை கார்ட் பழுது" என்று ஒரு தம்பி எனக்குப் புதுக் கார்ட் விற்கப் பார்த்தார். பிங்குக்குப் பதில் சொல்லும் விதியும் அதே ‘ஃபைல் அன்ட் பிரிண்டர் ஷெயரிங்’ தொகுதிக்குள்தான் இருக்கிறது. பப்ளிக்கில் அதுவும் வாய் திறக்காது.

யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பெட்டி வந்துவிட்டால், ஃபயர்வோலில் கை வைக்க வேண்டாம். அது உங்களை உள்ளே விட்டுவிட்டது, கேட்பது அதற்கு உள்ளே இருப்பவர். இங்கே மாட்டுப்படுவதற்கு இரண்டு காரணம். லப்டொப் திறக்கிற நாலு இலக்கப் பின் நம்பரை அடிப்பது ஒன்று. அந்தப் பின் நம்பர் அந்தக் கணினிக்கு முன் இருந்து திறக்க மட்டும், நெட்வேர்க்கில் செல்லாது. பாஸ்வேர்ட் வைக்காத கணக்கு மற்றது. வெறும் பாஸ்வேர்டோடு நெட்வேர்க் வழியாக உள்ளே வர விண்டோஸ் விடாது. டெஸ்க்டொப்பில் ‘வீடு’ என்று தனியாக ஒரு லோக்கல் கணக்குத் திறந்து, அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்து, போல்டரை அந்தக் கணக்குக்கு ஷெயர் கொடுத்தேன். லப்டொப்புகளில் ஒருக்கால் அடித்து ‘ரிமெம்பர்’ போட்டது, பிறகு கேட்டதில்லை.

கரண்ட் கதை தனி. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் திரும்பி வந்தவுடன் டெஸ்க்டொப் முந்திக்கொண்டு எழும்பும், ரவுட்டர் ஆறுதலாக எழும்பும். ரவுட்டரிலிருந்து முகவரி கிடைக்காவிட்டால் விண்டோஸ் தானே 169.254 இல் தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு, நெட்வேர்க்கை ‘அன்ஐடென்டிஃபைட்’ என்று எழுதிப் பப்ளிக் விதிகளுக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும். வழமையாகச் சில நிமிடத்தில் சரிவரும். வராவிட்டால் கேபிளைக் கழற்றிக் கொழுவினால் போதும். இன்னொன்று, கரண்ட் வந்து போனபின் ரவுட்டர் வேறு முகவரி பங்கிட்டுவிடும். ஐபி முகவரியால் பிரிண்டரைச் சேர்த்து வைத்தவர்கள் அப்போதும் ஃபயர்வோலைத்தான் திட்டுவார்கள். ரவுட்டருக்குள் போய் டெஸ்க்டொப்புக்கு 192.168.8.104 என்பதை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன்.

நேரத்தை அதிகம் தின்றது இரண்டு ரவுட்டரையும் கேபிளால் இணைத்துப் பார்த்த காலம். முதல் ரவுட்டரின் லேன் (வீட்டுப் பக்கத்) துளையிலிருந்து இரண்டாவதின் வேன் (இணையப் பக்கத்) துளைக்குக் கேபிள் போட்டிருந்தது. இரண்டாவதில் இருந்த மகளின் லப்டொப்பிலிருந்து முன் அறை டெஸ்க்டொப் திறந்தது, டெஸ்க்டொப்பிலிருந்து மகளின் லப்டொப் திறக்கவில்லை. ஒரு பக்கம் போகிறது, மறு பக்கம் வரவில்லை. எல்லாமே பிரைவேட்தான். கடைசியில் ஃபயர்வோலின் பதிவேட்டைப் பார்த்தேன். விரிவான ஃபயர்வோல் ஜன்னலில் புரொப்பர்டீஸ் போய், ‘லொக் டிரொப்ட் பெக்கெட்ஸ்’ என்பதை ‘யெஸ்’ ஆக்க வேண்டும். விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32, லொக்ஃபைல்ஸ், ஃபயர்வோல் என்று போனால் நோட்பேடில் திறக்கிற ஒரு ஃபைல் இருக்கும். ஃபயர்வோல் மறித்திருந்தால் வரி இப்படி வரும்: திகதி, நேரம், டிரொப், டிசிபி, 192.168.8.110, 192.168.8.104, பிறகு போர்ட் எண்கள், அதில் 445. யார் வந்தார், யாரிடம் வந்தார், எந்தக் கதவு என்று அச்சொட்டாகத் தெரியும். மகளின் லப்டொப்பில் அப்படி ஒரு வரியும் இல்லை. விண்டோஸ் மறிக்கவில்லை, அதனிடம் ஒன்றும் வந்து சேரவேயில்லை என்று அப்போதுதான் பிடிபட்டது. மறித்தது இரண்டாவது ரவுட்டர். வேன் பக்கத்திலிருந்து வருவதெல்லாம் அதற்கு வெளியுலகம். இரண்டாவதில் முகவரி பங்கிடும் டிஎச்சிபியை நிற்பாட்டி, அதன் சொந்த முகவரியையும் மாற்றி, லேனிலிருந்து லேனுக்குக் கேபிளை மாற்றிக் கொழுவினேன். இப்போது எல்லாம் 192.168.8 குடும்பம். இரண்டாவது சிம் சும்மா கிடக்கிறது. முதலாவது அறவே படுத்தால்தான் அதை எடுப்பது.

இனி ஃபயர்வோலுக்குச் சம்பந்தமில்லாமல் அதன் தலையில் விழுந்த பழிகள். 2021 செப்டெம்பர் அப்டேட்டுக்குப் பிறகு பல இடங்களில் ஷெயர் பிரிண்டர் 11பி என்று முடியும் பிழையோடு நின்றது. அச்சுச் சேவையில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க அதை இறுக்கியதில் வந்தது அது. இரண்டு பக்கமும் அப்டேட் சரியாக இருந்தால் தீரும். விண்டோஸின் உள் அமைப்புகள் கிடக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் குறுக்குவழிகளை நான் தொடவில்லை. புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கும் மைத்துனரின் ரிகண்டிஷன் போட்டோக்கொப்பி மெஷின் ஸ்கேனைக் கணினிப் போல்டருக்கு அனுப்பாததும் அதே ரகம். பழைய மெஷின், அதற்குத் தெரிந்தது போல்டர் ஷெயரிங் பேசும் மொழியான எஸ்எம்பியின் முதலாம் பதிப்பு மட்டும். 2017 கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் அது இயல்பாகப் போடப்படுவதில்லை. திரும்பப் போடலாம், போடச் சொல்ல மாட்டேன். அவர் பென்டிரைவில் எடுக்கிறார்.

மகளின் லப்டொப்பில் ஒரு வைரஸ் காட் இலவச காலத்துக்கு ஏற்றியே வந்தது. அப்படியானவை தங்கள் சொந்த ஃபயர்வோலைக் கொண்டுவரும், விண்டோஸின் செட்டிங்கை நாள் முழுக்க மாற்றினாலும் பலன் இல்லை. விண்டோஸ் செக்கியூரிட்டியில் ஃபயர்வோல் பக்கத்தைத் திறந்தால் யார் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். காலம் முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டோம். விண்டோஸில் உள்ளதே வீட்டுக்குக் காணும்.

போர்ட்டைக் கையால் திறக்கும் ஆட்களுக்கு ஒன்று. 445 ஐ மட்டும் திறந்துவிட்டுப் போல்டர் திறந்ததும் சந்தோஷப்படுவார்கள், பிரிண்டர் சேராது. விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து பிரிண்டர் பேச்சு இயல்பாக வேறு வழியால் போகிறது. 135 ஆம் போர்ட்டைத் தட்டி, பிறகு 49152க்கு மேல் ஏதாவது ஒன்றைப் பிடிக்கும். எண் எண்ணாகத் திறக்காமல், ‘ஃபைல் அன்ட் பிரிண்டர் ஷெயரிங்’ என்ற ஆயத்தத் தொகுதிக்குப் பிரைவேட் பக்கம் மட்டும் டிக் போட்டால் அதற்குரிய விதிகளும் அதற்குள் வந்துவிடும். 24எச்2 இல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். புரோ பதிப்பில் இயல்பாகப் பாஸ்வேர்ட் இல்லாத விருந்தாளிக் கணக்கால் இன்னொரு கணினியின் ஷெயரைத் திறக்க முடியாது. ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க் கொழுவிப் படம் பார்த்த வீடுகளுக்கு அடி விழுந்தது அப்போதுதான். அதற்கும் ஃபயர்வோலைத்தான் ஓஃப் பண்ணிப் பார்த்தார்கள்.

இத்தனை காலம் பாவித்துப் பார்த்ததில், போல்டர் ஷெயரிங்குக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். வினாத்தாள்கள், கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, குடும்பப் படங்கள் எல்லாம் டெஸ்க்டொப்பில் ஒரே இடத்தில் கிடக்கின்றன, மாதக் கணக்கில் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கணினி வழியாகப் பிரிண்டர் ஷெயர் பண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் ஏதாவது அசையும், அதோடு ஒரு தாள் எடுக்க டெஸ்க்டொப்பும் போட்டிருக்க வேண்டும். பழைய லேசர் மை முடிந்து நின்ற சாட்டில் வைஃபை உள்ள ஒன்றை வாங்கினோம். அதற்கும் ரவுட்டரில் நிரந்தர முகவரி. லப்டொப் பப்ளிக்கில் இருந்தாலும் அச்சாகிறது, ஏனென்றால் லப்டொப் வெளியே போய்த்தான் பிரிண்டரோடு பேசுகிறது, உள்ளே யாரும் வரத் தேவையில்லை. ஸ்கேன் பண்ணிக் கணினிக்கு அனுப்பும்போது மட்டும் பிரைவேட் வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால் இப்போது யோசனை முன் அறை டெஸ்க்டொப்பைப் பற்றித்தான். விண்டோஸ் 11 ஏற அதன் புரொசெசர் காணாது. காலபோக நெல்லுக் காசு வந்ததும் மாற்றுவதாகப் பேச்சு. அதுவரை போல்டரின் பிரதி ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரிக்குள்.