கிளைக் கடையா, ஊர்ப் புடவைக்கடையா, காமன்ட்டா?

ஏ9 வீதியில் திறக்கிற பெரிய உடுப்புக் கடைக் கிளைக்கு விண்ணப்பம் போடுவதா, ஊர்ப் புடவைக்கடையிலேயே நிற்பதா, காமன்ட் எனும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதா? கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஏ.எல் முடித்த பிள்ளைகளின் வீடுகளில் இந்தப் பேச்சுத்தான். நான் கிளைக் கடைப் பக்கம். ஏசிக்காகவோ சீருடைக்காகவோ இல்லை, சம்பளச் சீட்டுக்காக.

காமன்ட்டில் ஏற்றி இறக்க பஸ் வரும், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) ஒழுங்கு. ஆனால் மணிக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு ஆளை வாட்டும். பஸ் குறைந்த உள்கிராமத்துப் பிள்ளைக்குக் காமன்ட்டே நல்லது.

ஊர்க்கடை முதலாளி தெரிந்தவர். செத்தவீடென்றால் லீவு தருவார், அவசரத்துக்கு முற்பணமும் தருவார். சம்பளம் பெரும்பாலும் கையில் காசாக வரும், அதோடு சரி.

கிளைக் கடையில் சீட்டு வரும். அதை வாசிக்கத் தெரிய வேண்டும். ஈபிஎஃப்புக்கு முதலாளி 12%, தொழிலாளி 8%. ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி மட்டும் 3%. நிரந்தரமாக்கும்வரை பொறு என்பார்கள். சட்டப்படி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். அடிப்படை 30,000, விற்பனைக் கொமிஷன் 10,000 என்று வையுங்கள். கொமிஷனும் கணக்கில் சேரும், ஓவர்டைம்தான் சேராது. அடிப்படைக்கு மட்டும் கட்டினால் இரு பக்கமும் சேர்த்து 20%, மாதம் 6,000 ஈபிஎஃப்புக்குப் போகும். சரியாகக் கட்டினால் 8,000. வித்தியாசத்தில் 1,200 முதலாளி தர வேண்டிய காசு.

அடுத்தது பணிக்கொடை, வேலையை விட்டு விலகும்போது தரும் காசு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 30,000 அடிப்படைக்கு ஐந்து வருடத்தில் 75,000. ஏழெட்டுப் பேர் நிற்கிற ஊர்க்கடைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கிளையில் பத்துப் பேர்தான் என்றாலும் எண்ணிக்கை முழு நிறுவனத்துக்கும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் சரிவராதது சீசன் ஆட்களுக்கு. பெரும்போக அறுவடைக் காசு புழங்கி, சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம் முடிந்ததும் நிற்பாட்டி, தீபாவளிக்குத் திரும்பக் கூப்பிட்டால் ஐந்து வருடம் சேரவே சேராது. நியமனக் கடிதத்தில் முடிவுத் திகதி இருக்கிறதா, சரக்குக் குறைந்தால் சம்பளத்தில் வெட்டுவார்களா, வேறு மாவட்டக் கிளைக்கு மாற்றுவார்களா என்று கையெழுத்துக்கு முதல் பாருங்கள். கடைசி பஸ் நேரத்தையும்தான். தீபாவளிக் கிழமையில் கடை பூட்டப் பிந்தும்.

இரண்டாம் மாதச் சீட்டில் ஈபிஎஃப் அங்கத்துவ இலக்கம் இல்லாவிட்டால் கேளுங்கள். மூன்றாம் மாதமும் இல்லையென்றால் சீட்டுகளோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள்.