அறிவியல்நகரில் சோலார் படிக்க: பட்டமா, தொழிற்பயிற்சியா?

சோலார் பக்கம் போக ஆசைப்படும் வன்னிப் பிள்ளைகளுக்கு கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், மற்றது ஜெர்மன் உதவியோடு வந்த பயிற்சி நிறுவனம். பீடத்துக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், நல்ல இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி), நாலு வருசம் எல்லாம் வேண்டும். ஆனால் பேனலின் வலுவை 25 பாகை செல்சியஸில்தான் அளக்கிறார்கள், மத்தியானம் நம் கூரையில் பேனலின் சூடு 60ஐத் தொட்டால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மின்சாரம் குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, இன்வேட்டரையும் பற்றரியையும் அதற்கேற்றபடி தெரிவுசெய்யும் அறிவை பட்டப்படிப்புத்தான் ஆழமாகத் தரும்.

மின்துறைத் தொழிற்பயிற்சி கையைப் பழக்கும்: வயரிங், ஏர்த், பிழை தேடுவது. வீட்டில் உழைப்பு அவசரம் என்றால் இதுதான் சரி, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டங்களில் ஏறிப் பிறகும் படிக்கலாம். கணக்குப் பிடித்த பிள்ளையை மட்டும் பீடத்துக்கே விடுங்கள், நம் கிணற்றுத் தோட்டங்களுக்கு சோலார் பம்ப் வடிவமைக்க ஆள் வேண்டும்.