ஊருக்கு வந்த இடத்தில் தாலியம் ஸ்கேன்: முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்

விடுமுறையில் ஊருக்கு வருபவர்கள் பெற்றோருக்கோ தங்களுக்கோ எடுக்கவேண்டிய இதய ஸ்கேனைக் கடைசி நாட்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது வேண்டாம். பேச்சுவழக்கில் தாலியம் ஸ்கேன் என்றாலும், பெரும்பாலும் ஏற்றுவது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்து. அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைப் பிரித்தெடுக்கும் ஜெனரேட்டர் என்ற கலத்தில் உள்ள கதிரியக்க மாலிப்டினமும் 66 மணி நேரத்தில் பாதியாகும். வாங்கி அடுக்கிவைக்க முடியாத மருந்து என்பதால், சரக்கு தாமதமானால் உங்கள் தேதியும் தள்ளிப்போகும். உடல் பருமனானவர்களுக்கு ஓய்வுப் படம் ஒரு நாள், இதயத்துக்கு உடற்பயிற்சியாலோ மருந்தாலோ வேலை கொடுத்து எடுக்கும் அழுத்தப் படம் மறுநாள் என்று பிரிப்பதும் உண்டு.

இம்முறை பார்த்த மையத்தில் வேலை நேர்த்தியாகவே நடந்தது. குறை, முன்தயாரிப்புக் குறிப்பில்தான்: "காபி கூடாது" என்று ஒரே வரி. இதய ரத்தக் குழாயை விரிக்கும் அடினோசின் ஊசி போட்டுச் செய்யும் அழுத்தச் சோதனை என்றால் டீ, கோலா, சாக்லேட், காஃபீன் கலந்த தலைவலி மாத்திரை எல்லாமே முந்தைய நாளிலிருந்தே ஆகாது. காஃபீன் அந்த மருந்தைத் தடுத்துவிடும். ரத்தக் குழாய் விரியாது. அடைப்பு இருந்தும் படம் நன்றாகத் தெரியலாம். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையும் இதையே செய்யும். இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மூச்சுக்குழாய் சுருங்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு மாற்று மருந்தாக டோபுடமின் இருக்கிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும், தானாக நிறுத்தக்கூடாது.

கேமரா சுற்றும் 15, 20 நிமிடமும் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்கவேண்டும். தோள்வலி இருந்தால் தலையணை கேளுங்கள். அசைந்தால் இல்லாத குறை படத்தில் வரும். இதயத்தின் அடிச்சுவரில் உதரவிதான நிழலா, உண்மைக் குறையா என்று சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுப்பார்கள். அது நல்ல மையத்தின் அடையாளம்.

நுரையீரலில் காற்றும் ரத்தமும் போகும் பகுதிகளை ஒப்பிடும் வி/க்யூ ஸ்கேன் எளிது. படுத்த நிலையில் கதிரியக்கம் ஏற்றிய ஆல்புமின் புரதத் துகள் ஊசி, மூச்சில் இழுக்க ஒரு ஏரோசால் (நுண்துளி மருந்து). காற்று போய் ரத்தம் போகாத பகுதி இருந்தால் ரத்த உறைகட்டி என்று சந்தேகிப்பார்கள். சிறுநீரகக் கோளாறால் சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய உதவி. நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், துகள்களின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். அண்மையில் எடுத்த மார்பு எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள்.

அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் டைகாம் வடிவில் பதிந்த குறுந்தகடும் வாங்குங்கள், திரும்பிப்போன இடத்து மருத்துவர் படத்தைத்தான் கேட்பார். விமான நிலையக் கதிர் உணர்கருவி டெக்னீசியத்தைச் சில நாட்கள்வரை கண்டுபிடிக்கும். 73 மணி நேர அரைவாழ்வு கொண்ட தாலியம்-201 என்றால் வாரக்கணக்கில். அதனால் ஏற்றிய மருந்து, அளவு, தேதி, மையத்தின் தொலைபேசி எண் எழுதிய கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள்.