பழனி நடைக்கு வாங்கிய ஒளிர்பட்டைகள்: இரண்டு தைப்பூசங்களின் அனுபவம்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் எங்கள் ஊர்க் குழுவுக்காக இரண்டு ஆண்டுகளாக வாங்கிப் பயன்படுத்திவரும் மூன்று பொருள்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முதலாவது, சாலைப் பணியாளர்கள் அணியும் கையில்லாத மேலங்கி. கடைகளில் 'ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்' என்று கேட்டால் கொடுப்பார்கள், விலை 140 ரூபாய். இரண்டாவது, கணுக்காலிலோ மணிக்கட்டிலோ சுற்றி ஒட்டிக்கொள்ளும், வண்டி விளக்கு பட்டால் மின்னும் ஒளிர்பட்டை, ஜோடி 60 ரூபாய். மூன்றாவது, பொத்தான் பேட்டரியில் விட்டுவிட்டு எரியும் எல்.இ.டி. கைப்பட்டை, 110 ரூபாய். மூன்றையும் திண்டுக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன்.

இவற்றைத் தேடிப் போனதற்குக் காரணம் நான் நடந்த அனுபவம் அன்று, கார் ஓட்டிய அனுபவம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்து விடியற்காலை, நாலரை மணி இருக்கும், ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒட்டன்சத்திரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரி ஹைபீமைத் தணிக்காமலே கடந்து போனது. கண் கூசி, மறுபடி சாலை தெளிவான கணத்தில், எனக்கு முன்னால் நான்கு பேர் கைகோத்தாற்போல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கரும்பச்சை உடை. பிரேக்கை முழுக்க அழுத்தி வண்டி நின்றபோது, ஓரத்தில் நடந்த மூதாட்டிக்கும் என் பம்பருக்கும் நடுவே இரண்டு முழ இடம்தான் இருந்தது. இறங்கி ஓடிப்போய்க் கேட்டதற்கு அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "வண்டி வர்ற வெளிச்சம் எங்களுக்கு அப்பவே தெரிஞ்சுதே தம்பி. ஒதுங்கிப் போயிருவீங்கன்னு நெனச்சோம்."

அந்தப் பதில் என்னை விட்டு இன்றுவரை அகலவில்லை. வண்டி நமக்குத் தெரிந்துவிட்டால் வண்டி ஓட்டுகிறவருக்கும் நாம் தெரிந்துவிட்டோம் என்று நடக்கிற எல்லோருமே எண்ணுகிறோம். விளக்கு போட்ட வண்டி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே நம் கண்ணுக்குப் பட்டுவிடும். இருட்டில் நடக்கும் ஆளோ, அந்த விளக்கின் வெளிச்சம் தன்மேல் விழுந்து திரும்பினாலொழிய ஓட்டுநருக்கு இல்லாதவர் போலத்தான். அன்று என் பக்கமும் தவறு இருந்தது. கண் கூசியதுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. தைப்பூச மாதத்தில் அந்தச் சாலையில் ஆள் நடப்பார்கள் என்று தெரிந்த ஊர்க்காரனான நான் எழுபதுக்கு மேல் போயிருக்கவே கூடாது. லாரி ஓட்டுநர் விளக்கைத் தணித்திருக்க வேண்டும். நால்வரும் ஒருவர்பின் ஒருவராகப் போயிருக்க வேண்டும். இத்தனை பேரில் யாராவது ஒருவர் தம் பங்கைச் சரியாகச் செய்திருந்தாலும் இரண்டு முழம் இருபது முழமாகியிருக்கும்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். வாங்கிய வாரமே எங்கள் ஊர்ச் சாலையில், தெருவிளக்கு இல்லாத பகுதியில், நண்பர் ஒருவரைக் காரில் டிப் விளக்கோடு உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தோம். அங்கே மின்கம்பங்கள் ஏறத்தாழ ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. கரும்பச்சை வேட்டி, சட்டையோடு நான் நடந்து வந்தபோது, முதல் கம்பத்தையும் தாண்டிக் காரை நெருங்கிய பிறகுதான் நண்பருக்கு ஆள் தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் சற்று முன்னதாகத் தெரிந்தது. மேலங்கியோடு வந்தபோது மூன்றாவது கம்பத்தருகிலேயே ஒளி மின்னியது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: "ஏதோ பலகை மாதிரி இருக்கிறது, ஆள் என்று சொல்ல முடியவில்லை." கணுக்கால்களில் பட்டைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தபோது அதே மூன்றாவது கம்பத்திலேயே, "ஆள் நடந்து வருகிறது" என்றார்.

இந்த வேறுபாடுதான் இந்த மதிப்புரையிலேயே முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன். நெஞ்சிலும் முதுகிலும் இருக்கும் பட்டை நடக்கும்போது அதிகம் அசைவதில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது மைல்கல்லாகவோ நின்றுகொண்டிருக்கும் வண்டியின் ஸ்டிக்கராகவோ தோன்றலாம். கணுக்கால் பட்டையோ மாறிமாறி முன்னும் பின்னும் போகிறது. அந்த அசைவைக் கண்டதும் அது மனித நடை என்று நம் கண் எளிதில் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, டிப் விளக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நெஞ்சைவிடக் காலுக்குத்தான் அதன் வெளிச்சம் அதிகம் கிடைக்கிறது. உலர்ந்த சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆளைக் கண்டு பிரேக்கை மிதித்து முழுதும் நிற்பதற்கு 45 மீட்டர் அளவில் ஓடிவிடும். எண்பதில் வந்தால் 70 மீட்டர் வேண்டும். ஐம்பது மீட்டருக்குள் மட்டும் தெரிகிற கரும்பச்சை உடைக்கும் நூற்றைம்பது மீட்டரில் தெரிகிற பட்டைக்கும் உள்ள தூரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், 60 ரூபாய்க்கு என்ன வாங்குகிறோம் என்பது விளங்கும்.

மேலங்கியின் மஞ்சள்பச்சைத் துணியே இரவில் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்காரரும் என்னிடம் அப்படித்தான் சொன்னார். அது சரியன்று. அந்த நிறம் பகலிலும் அந்தியிலும் விடியலிலும் எடுப்பாகத் தெரியும். சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. இரவில் வேலை செய்வது அதன்மேல் தைத்த சாம்பல் நிறப் பட்டை மட்டுமே. பொடி மணலைவிட நுண்ணிய கண்ணாடி மணிகளோ முப்பட்டக வடிவங்களோ அதில் பதிந்திருக்கின்றன. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கு அவை திருப்பி அனுப்புவதால்தான், தன் விளக்குக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது அவ்வளவு பளிச்சென்று படுகிறது. ஆகவே வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டாம், பட்டையைப் பாருங்கள். ஒளிர் உடைகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 20471 பட்டையின் அகலம் 50 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. கடையிலேயே சோதிக்கவும் வழி உண்டு: பட்டையைப் பத்தடி தள்ளி இருட்டான மூலையில் வைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாருங்கள். தரமான பட்டை வெள்ளை வெளேரென்று எரியும்; வெறும் வெள்ளி வண்ணம் பூசிய போலி, சாம்பலாகவே கிடக்கும். முதல் முறை வாங்கிய ஆறு மேலங்கிகளில் இரண்டு இப்படிப் போலியாக இருந்தன. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றாலும், சோதிக்காமல் வாங்கியிருந்தால் இரண்டு பேர் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டே இருட்டில் நடந்திருப்பார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேலங்கி பாதயாத்திரைக்குப் பெரிதும் பொருந்தவில்லை. தோளில் பையோ காவடியோ ஏறியதும் முதுகுப் பட்டை மறைந்துவிடுகிறது. பின்னால் வரும் வண்டிக்குத்தான் அது மிகவும் தேவை. நடையின் இரண்டாம் நாள் வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது என்று பெரியவர்கள் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்கள். நாலைந்து முறை அடித்துத் துவைத்தபின் பட்டையின் ஒளிர்வும் கண்கூடாகக் குறைந்தது. கணுக்கால் பட்டையில் ஒட்டும் பகுதி விரைவில் நைந்துபோகிறது. இரண்டாம் ஆண்டு எல்லாவற்றுக்கும் ஒரு ஊக்கு குத்த வேண்டியிருந்தது. பெண்களுக்கு வேறு சிக்கல்: புடவை கணுக்காலை மூடிவிடுகிறது. எங்கள் அம்மாதான் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஒரு பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தோள்பையின் அடிப்பக்கத்தில் வெளியே தெரியும்படி தைத்துவிட்டார். வீசி நடக்கும் கையில் இருப்பதால் மணிக்கட்டுப் பட்டையும் கணுக்கால் பட்டையைப் போலவே அசைந்து காட்டுகிறது.

எல்.இ.டி. கைப்பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளக்கே இல்லாத வண்டிகளுக்கும் நம்மைக் காட்டும் என்று நம்பித்தான் வாங்கினேன். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு தானாகவே எரிகிறது, அவற்றுக்கு ஒளிர்பட்டை போதும். பழைய வண்டிகள், மிதிவண்டிகள், விளக்கு பழுதான டிராக்டர்கள் வரும்போது நாமே விளக்கு வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் வாங்கிய எட்டில் ஐந்து, இரண்டாவது இரவே அணைந்துபோயின. வழியில் அந்தப் பொத்தான் பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. குழுவின் முதல் ஆளும் கடைசி ஆளும் ஆளுக்கொரு சாதாரண டார்ச் வைத்துக்கொள்வதே மேல்.

நடக்கிறவர்கள் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி நடந்தால் என்ன என்று காரில் போகிறவர்கள் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன், நானே கோபப்பட்டவன்தான். ஒருமுறை செருப்பில்லாமல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை அறுபது கிலோமீட்டர் நடந்து பாருங்கள். சாலையோரம் ஜல்லியும் சீமைக்கருவேல முள்ளும் உடைந்த கண்ணாடியும் கிடக்கின்றன. வெயிலேறிய தாரில் கால் பொசுங்கும்போது சூடு குறைவாகவும் வழவழப்பாகவும் இருப்பது ஓரத்து வெள்ளைக்கோடு ஒன்றுதான். ஆயிரக்கணக்கானோர் அந்த நாலங்குலக் கோட்டின் மேலேயே கால் வைத்துப் போவதை அந்தச் சாலையில் காணலாம். வெயிலுக்கு அஞ்சித்தான் இரவில் நடக்கிறார்கள். ஆகவே அது திமிர் அன்று, பாதத்தின் வேதனை. அதே சமயம், அந்தக் கோட்டில் போகிறவர் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பதும், கைப்பேசித் திரையைப் பார்த்தபடி நடப்பதும், களைத்ததும் சாலை விளிம்பிலேயே துண்டை விரித்துப் படுப்பதும், நின்ற பேருந்தின் முன்னாலிருந்து எட்டிப் பாராமல் குறுக்கே ஓடுவதும் அந்த வேதனையால் நேர்வதன்று. அவற்றுக்கு எந்தப் பட்டையாலும் உதவ முடியாது. எங்கள் குழுவில் இரண்டு விதிகள் வைத்திருக்கிறோம்: எதிரே வரும் வண்டிகளை முகம் பார்க்கும்படி வலப்புறமாக ஒற்றை வரிசையில் நடப்பது, சாலையைக் கடப்பதென்றால் எல்லோரும் நின்று சேர்ந்து கடப்பது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்த எண்ணிக்கையைக் காட்டி, பட்டை கட்டாதவர்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருட்டில் தனக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போவது ஓட்டுநரின் கடமை. எதிரே விளக்கு தெரிந்ததும் ஹைபீமைத் தணிப்பதும் அப்படியே. நடக்க இடம் அமைத்துத் தருவது அரசின் கடமை. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்தில் நொறுங்கிய உடல்களை நாள்தோறும் பார்க்கும் மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில் இது வந்தது என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. அந்த நடைபாதை எங்கள் ஊர்ச் சாலைகளுக்கு வந்து சேரும்வரை 60 ரூபாய்ப் பட்டையைக் கட்டிக்கொள்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. பின்லாந்தில் இருட்டில் நடப்பவர் ஒளிர்பான் (ரிஃப்ளெக்டர்) அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே பிள்ளைகளின் குளிர் அங்கியில் அது சாதாரணமாகத் தொங்கும்.

யாருக்கு எதை வாங்கலாம் என்றால், வேட்டியோ கால்சட்டையோ அணிந்து நடப்பவருக்குக் கணுக்கால் பட்டை ஒரு ஜோடி. புடவை கட்டியவருக்கு மணிக்கட்டுக்கு ஒன்று, பைக்கு ஒன்று. வரிசையின் கடைசியில் வருபவருக்கு மட்டும், பை எதுவும் சுமக்காமல், மேலங்கி. மார்கழியில் கருப்பு உடுத்தி நடக்கும் ஐயப்ப பக்தர்களுக்கும், விடியலில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கும், மாலையில் டியூஷன் முடிந்து சாலையோரமாக வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் இதே பட்டை போதும். வரும் தைக்கு நாற்பது ஜோடி சொல்லிவைத்திருக்கிறேன். ஒட்டும் பகுதிக்குப் பதிலாக இருபுறமும் நாடா வைத்துத் தைத்த மாதிரி ஒன்று வந்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். முதலில் இரண்டு ஜோடி வாங்கி, அம்மாவிடம் கொடுத்து ஒரு வாரம் கட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.