பச்சை அடித்த இடமெல்லாம் பூங்கா அல்ல: புதுக் குடியிருப்பில் வீடு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

புதிதாக உருவாகும் குடியிருப்பில் வீடோ மனையோ பார்த்துக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. பூங்காவுக்கும் நடைபாதைக்கும் ஆசைப்பட்டுத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். இன்றுவரை பிள்ளைகள் ஓடி விளையாட இடமில்லை. அம்மாவின் சக்கர நாற்காலி வாசலைத் தாண்டிப் போனதில்லை.

விற்பனை அலுவலகத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு வண்ணப் படம் வைத்திருந்தார்கள். மொத்த நிலத்தில் 30 சதவீதம் திறந்தவெளி, 2.4 கிலோமீட்டர் சுற்று நடைபாதை, மூன்று பூங்காக்கள், பழைய மரங்கள் அப்படியே இருக்கும் என்றார்கள். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மாதிரிக்கு மட்டும், மாறுதலுக்கு உட்பட்டது’ என்று இருந்தது. அதைப் பார்த்தேன், யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் இப்போது எங்கள் எல்லாப் புகாருக்கும் பதிலாகக் காட்டுகிறார்கள்.

குடியிருப்போர் சங்கம் அமைந்த பிறகுதான், அளவுகளோடு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எங்கள் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு பச்சை அடித்த ஒவ்வொரு துண்டையும் நேரில் போய்ப் பார்த்தோம். பெரிய துண்டு மழைநீரைத் தேக்கும் பள்ளம். அந்தப் பள்ளம் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் வரும். ஆனால் சரிவான கரையும் மழைக்குப் பிறகு நாள்கணக்கில் காயாத சேறுமாக இருக்கிற இடத்தில் எந்தக் குழந்தை விளையாடும்? அடுத்த துண்டு உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் போகிற பட்டை. அங்கே உயர்ந்து வளரும் மரம் வைக்கக் கூடாது, அதனால் நிழலே கிடையாது. மீதியில் பாதி சாலை நடுத்திட்டு, திருப்பங்களில் மிஞ்சிய முக்கோணங்கள். இவை எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த 30 சதவீதம்.

தூரத்திலும் இதே கதைதான். குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் அளவு. ஏறத்தாழ ஐந்து நிமிட நடை. அதைக் காட்டித்தான் எங்களிடம் விற்றார்கள். அந்த 300 மீட்டர் நேர்கோட்டுத் தூரம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்துக்கும் நடுவே நீளமாக ஒரு மதில் நிற்கிறது. அதைச் சுற்றி, வண்டிகள் விரைகிற பிரதான சாலையைக் கடந்து நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது.

நடைபாதையை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சேர்ந்து பயன்படுத்த ஏறக்குறைய 3 மீட்டர் அகலம் வேண்டும். எங்களுக்குப் போட்டது அதில் பாதிகூட இல்லை. சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கு 20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கக் கூடாது. அதற்கு மேல் செங்குத்தானால் கைப்பிடியும் இடையிடையே சமதளமும் வைத்துச் சாய்தளமாகவே கட்ட வேண்டும். எங்கள் பாதை மேட்டில் நேராக ஏறுகிறது. ஏறி முடித்தால் கம்பிவேலி. அதற்கு அப்பால் ‘இரண்டாம் கட்டம்’. வண்ணப் படத்தில் நிலம் தட்டையாகத்தான் தெரியும். சம உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தை முன்பே கேட்டிருந்தால் இந்த மேடு எனக்குத் தெரிந்திருக்கும்.

மரங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெரிய மரங்கள் ஐந்தை வெட்ட மாட்டோம் என்றார்கள், வெட்டவும் இல்லை. ஆனால் அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி வடிகால் குழி தோண்டினார்கள், வேர்ப்பகுதியின் மேல் லாரிகளை நிறுத்தினார்கள். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். மண் இறுகினால் காற்றும் நீரும் உள்ளே இறங்காது. பிரிட்டனின் பி.எஸ். 5837 தரநிலை, அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பகுதியைக் காக்கச் சொல்கிறது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 7.2 மீட்டர். வேலை தொடங்கும் முன்பே அந்த அளவுக்கு வேலி போட்டிருக்க வேண்டும். மூன்றாம் வருடம் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கின. இன்று இரண்டுதான் உயிரோடு இருக்கின்றன.

‘பூங்கா எப்போது வரும்?’ என்று கேட்டால், ‘கடைசிக் கட்டத்தில்’ என்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்று ஒரு குடியிருப்பு உண்டு. கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் இருவரும் வடிவமைத்தது. 1929-இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். வீடுகளின் ஒரு பக்கம் பூங்காவைப் பார்த்திருக்கும், நடைபாதை சாலைக்குக் கீழே சுரங்கவழியாகப் போகும். பொருளாதாரப் பெருமந்தத்தில் அதைக் கட்டிய நிறுவனமே திவாலாகி, திட்டமிட்டதில் சிறு பகுதிதான் எழுந்தது. ஆனால் எழுந்த வீடுகளுக்கு நடுவே பூங்காவும் எழுந்திருந்தது. இன்றும் அங்கே குடியிருப்போர் சங்கம் அதைப் பராமரிக்கிறது. எங்கள் நிறுவனம் நாளைக்கே மூடிவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது கம்பிவேலி மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைநீர்ப் பள்ளம், மின்கம்பிப் பட்டை இரண்டின் பராமரிப்பையும் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய நிலம் மட்டும் இன்னும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கூடுதல் வீடுகள் கட்ட வரைபடத்தை மாற்றக் கேட்டிருக்கிறார்கள் என்பதே எங்களுக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

அதனால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். பூங்கா நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் யாருக்கு மாற்றப்படும், எத்தனை வீடுகள் விற்பதற்குள் அது தயாராகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தப் பூங்காவைக் கணக்கில் சேர்க்காமல் விலையை யோசியுங்கள். நேரில் போகிறவர்கள் மழை பெய்த மறுநாள் போங்கள், வீட்டு வாசலிலிருந்து பூங்கா இடம்வரை நடந்தே பாருங்கள்.

என்னைப் போல ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: விற்பனையின்போது கொடுத்த பிரோஷரையும் வந்த மின்னஞ்சல்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் சங்கத்தில் தேடிப் பார்த்தபோது பழைய பிரோஷர் இரண்டு வீடுகளில்தான் கிடைத்தது. வரைபட மாற்றத்தை எதிர்த்துக் கொடுத்த மனுவோடு அந்த இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறோம். விசாரணை அடுத்த மாதம்.