வேலைப் பயணத்தில் தனியாகச் சுற்ற ஆர்கானிக் மேப்ஸ்

மீட்டிங் நாலு மணிக்கே முடிந்துவிட்டது, திரும்பும் பயணம் மறுநாள்தான், ஊரில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, போனில் டேட்டாவும் இல்லை. சரி, காலையில் அறை வைஃபையில் ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியில் இறக்கி வைத்த வரைபடத்தை நம்பிக் கிளம்பினேன்.

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை என்பதால் நீலப்புள்ளி கூடவே வந்தது. இதில் எனக்குப் பிடித்தது நடைவழிதான். செயலி காட்டுவது, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது உலக வரைபடத்தில் தன்னார்வலர்கள் சேர்த்த தகவல் என்பதால் சந்துக்குள் இருக்கும் படிக்கட்டு, பெஞ்ச், குடிநீர்க் குழாய், கழிப்பறை வரை பல இடங்களில் குறித்திருக்கிறார்கள், வழியில் எவ்வளவு ஏற்றம் என்றும் காட்டுகிறது (லேப்டாப் பையைத் தோளில் மாட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்). விளம்பரத் தொல்லை கிடையாது.

உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். அப்போது திரையைப் பார்க்காதீர்கள், தெருப்பெயர்ப் பலகையைப் பாருங்கள். பஸ் எப்போது வரும், எங்கே நெரிசல் என்றெல்லாம் இதில் தேடக்கூடாது, அதற்கு வேறு செயலிதான். அப்புறம், கிளம்பும் முன் தங்கும் விடுதியை மறக்காமல் குறித்து வையுங்கள், பவர்பேங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாசலை எட்டும்போது மூன்று சதவீதம்தான் மிச்சம்.